செளரியும் சௌரியும்

தலைப்பைப் பார்த்ததும், ஒரே சொல்லை ஏன் இருமுறை எழுதியிருக்கிறார்கள் என்று அன்பர்கள் எண்ணக்கூடும். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். எண்ணியதோடு நில்லாமல், அந்த எண்ணத்தின் பேரில் எங்கள் ஆசிரியரின் கடைசி மூன்று மாத உழைப்பை அழித்துவிடவும் இருந்தோம். அது நடந்த விதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இக்கட்டுரை.

நாங்கள் என்பது மூவர். மூவருமே தமிழ் முதுகலை; மூவரும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகரில் குடியிருந்துகொண்டு வெவ்வேறு கல்லூரிகளில் விரிவுரையாளர்களாக இருப்பவர்கள். எங்கள் மூவருக்கும் ஒரே ஆசிரியர். பணி ஓய்வுக்குப் பின் அவர் முடிச்சூரில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். ஓய்வுக்காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, குறுந்தொகைப் பதிப்புகளை வரி வரியாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பது.

குறுந்தொகை என்றதும் நம் எல்லோர் நினைவுக்கும் வருவது உ.வே.சாமிநாதையர் 1937ஆம் ஆண்டு, எண்பதைக் கடந்த வயதில் வெளியிட்ட பதிப்பு. ஆனால் அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கன் என்பவர் அந்நூலை உரையோடு அச்சேற்றிவிட்டார். முதலில் பதிப்பித்தவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போவார், அவ்வளவுதான். எங்கள் ஆசிரியருக்கு அவர் மீது தனிப் பரிவு உண்டு. "ஐயர் பெரியவர், மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் முதலில் நடந்தவன் முட்டிக்கொண்ட இடங்களும் நமக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்.

2015 டிசம்பர் மழையை இப்பகுதியினர் மறக்க இயலாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. ஆசிரியர் வீட்டில் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர். ஒன்பது ஆண்டுகளாக எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தப்பியவை நான்கு. அவற்றையும் மொட்டை மாடியில் பிரித்து உலர்த்தியபோது நீல மை பரவி, எழுத்திருந்த இடத்தில் மேகம் போன்ற கறைதான் மிஞ்சியிருந்தது. அவர் அழவில்லை. ஒரு வாரம் கழித்து, "கணினியில் எழுதினால் அழியாதா?" என்று கேட்டார்.

அவருடைய பழைய மாணவர் ஒருவர் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலையில் இருந்தார். (தமிழ் படித்துவிட்டு மென்பொருள் வேலையா என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை.) அவர்தான் 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவித் தந்தார். லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தம் திட்டத்துக்காக உருவாக்கியது அது. நிரலாளர்களுக்கான கருவி; ஆனால் அது செய்யும் வேலை நமக்குப் புதியதன்று. ஒரு பிரதியில் எந்த வரி, என்று, யாரால், ஏன் மாற்றப்பட்டது என்பதை ஒவ்வொரு படியிலும் பதிந்து வைக்கிறது. பழைய பாடத்தையும் தூக்கி எறிவதில்லை. பாடபேதம் குறிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கடவுள் வாழ்த்தோடு சேர்த்து 402 பாடல்கள், பாட்டுக்கொரு கோப்பு. திருத்தத்தை முடித்துப் பதிவு செய்வதைக் 'கமிட்' என்பார்கள். காரணம் கேட்குமிடத்தில் நிரலாளர்கள் நான்கு சொல் எழுதுவார்களாம். எங்கள் ஆசிரியர் முன்னுரை எழுதுவார். நன்றி நவிலல்கூட உண்டு!

2021 மே மாதம், எத்தனையோ வீடுகளில் நேர்ந்தது அந்த வீட்டிலும் நேர்ந்தது. எங்களால் இறுதி ஊர்வலத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

கணினி மேசை மீது துணி போர்த்தியபடி இருந்தது. எங்களிடம் இருந்த பிரதி 2020 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதன் பிறகு ஊரடங்கு. அம்மாவிடம் போய்க் கணினியைத் திறக்கக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அப்படியே தள்ளிப்போட்டு வந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி அந்தத் தெருவில் தண்ணீர். மேசை வரை ஏறவில்லை. ஆனால் சுவரில் ஈரம் இறங்கி, அதன் பின் கணினி உயிர்பெறவில்லை. பழுது பார்க்க வந்தவர் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதை மஞ்சள் பையில் சுற்றி எங்களிடம் தந்தார். "உங்க சாரு எழுதினதெல்லாம் இதிலேதான் இருக்குன்னு சொன்னாங்க. பார்த்து வெச்சுக்குங்கப்பா."

வீட்டிலிருந்த எங்கள் பழைய மேசைக் கணினியில் அதை வெளியிலிருந்து இணைத்துத் திறந்தோம். டி டிரைவில் 'குறுந்தொகை' என்ற கோப்புறை இருந்தது. பழைய கிட் பதிப்பு அதைத் தயங்காமல் திறந்தது. கமிட் வரலாற்றை மட்டும் பார்த்தோம். கடைசிப் பதிவு 2021 ஜனவரி. அதற்குப் பிறகு அவர் வேலை செய்யவில்லை போலும் என்று முடிவு கட்டிக்கொண்டோம்.

இந்த நிலையில்தான் கணினி அறிவியல் துறைத் தம்பி ஒருவர் உதவ முன்வந்தார். வந்தவுடன், "ஐயா, இவ்வளவு பழைய பதிப்பை வெச்சுக்கிட்டு இருக்கீங்களே!" என்று அதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவினார். நிறுவும்போது வரிசையாகக் கேள்விகள் வந்தன; அவரும் தம் வழக்கப்படி விடை தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார். பிறகு அதே கோப்புறையைத் திறந்தார். கிட் மறுத்துவிட்டது. இந்தக் களஞ்சியத்தின் உரிமை சந்தேகத்துக்குரியது என்றது. உரிமையாளர் என்ற இடத்தில் பெயர் இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசை ஒன்று. 'நடப்புப் பயனர்' என்ற இடத்தில் எங்களுடைய எண்.

நேற்று வரை திறந்த கதவு இன்று ஏன் சாத்திக்கொண்டது? தம்பி விளக்கினார். 2022 ஏப்ரல் 12 அன்று வெளியான 2.35.2 பதிப்பிலிருந்து கிட் இந்தச் சோதனையைச் செய்கிறது. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் சி டிரைவின் உச்சியில் ஒரு போலிக் களஞ்சியத்தை வைத்துவிட்டால், பிறருடைய கிட் தன் களஞ்சியத்தைத் தேடி மேலேறிப் போகையில் அதைக் கண்டு, அதன் அமைப்புக் கோப்பில் உள்ள கட்டளைகளை நம்பி இயக்கிவிடும். அதைத் தடுக்க, கோப்புறையின் உரிமையாளரும் இயக்குபவரும் ஒருவரா என்று பார்க்கிறது, இல்லையென்றால் நின்றுவிடுகிறது. நியாயமான காவல்தான். ஆனால் அன்றிரவு உலகெங்கும் எத்தனையோ பேருடைய வேலை காரணம் புரியாமல் நின்றதாம். இரண்டே நாளில் 2.35.3 வந்து, இந்தச் சோதனையே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி செய்து தந்தது.

சரி, அந்த எண் யாருடையது? ஆசிரியருடையதுதான். விண்டோஸில் கோப்பின் உரிமையாளர் எண்ணாகவே பதியப்படுகிறார். எண்ணுக்குரிய பெயர் அந்தக் கணினியில் இருக்கும். கணினி போய்விட்டதால் பெயர் போய்விட்டது; எண் மட்டும் வன்வட்டில் தங்கிவிட்டது. எங்களில் ஒருவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அந்தக் கோப்புறை நம்பகமானது என்று கிட்டிடம் ஒருவரியில் சொல்லிவிடலாம். 'சேஃப் டைரக்டரி' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. செய்தியிலேயே அந்தக் கட்டளையும் இருந்தது. தம்பி அதைச் செய்யவில்லை. வன்வட்டு லேசாகக் கரகரத்துக்கொண்டிருந்ததால், எதையும் தொடுமுன் முழுக் கோப்புறையையும் எங்கள் கணினிக்குப் படியெடுத்தார். படியெடுத்ததும் உரிமைச் சிக்கல் தானே மறைந்துவிட்டது. படியெடுத்தவரே பிரதிக்கு உரிமையாளர்! ஏட்டுச்சுவடிக் காலத்து வழக்கம் மாறவில்லை.

ஆனால் பிரதியில் வேறொரு வினோதம் தோன்றியது. 'கிட் ஸ்டேட்டஸ்' என்று கேட்டதும் 402 கோப்புகளும் மாற்றப்பட்டுள்ளன என்று சிவப்பில் ஒரு நெடும்பட்டியல் ஓடியது. கோப்புப் பெயர்களோ தமிழில் இல்லை. \340\256\225\340\257\201 என்று எண்களாகவே வந்தன. எங்களுக்கு வயிறு கலங்கியது. மறுபடி வெள்ளமா?

எண்களுக்கு விடை எளிது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பெயரில் கண்டால் அவற்றை எட்டடிமான எண்ணாக மாற்றிக் காட்டுவது கிட்டின் இயல்பு. மேலே கண்டது 'கு' என்ற ஒற்றை எழுத்துதான். 'கோட்பாத்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் வந்துவிடும். ஆசிரியரின் கணினியில் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அந்த அமைப்பு அக்கணினியோடு போயிற்று.

மற்றதற்குத் தம்பி கைவசம் ஒரு மருந்து வைத்திருந்தார். "ஐயா, இது வெறும் இரைச்சல். மேம்படுத்தினா இப்படி வர்றது சகஜம். கடைசி கமிட்ல இருக்கிறபடி எல்லாத்தையும் மீட்டுட்டா சுத்தமாயிடும்." 'கிட் ரிஸ்டோர்' என்று தட்டி, ஒரு புள்ளியும் வைத்துவிட்டார். என்டர் விசை ஒன்றுதான் பாக்கி.

நிறுத்தச் சொன்னது அறிவால் அன்று, பழக்கத்தால். மாணவர் விடைத்தாளானாலும் சுவடியின் படியானாலும், வேறுபாடு என்று ஒன்று கண்ணில் பட்டால் அது என்ன என்று பார்க்காமல் அடிக்கக் கூடாது என்பது எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. கற்றுக்கொடுத்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. "தம்பி, என்ன மாறியிருக்குன்னு ஒரு கோப்பையாவது காட்டுங்க" என்றோம்.

காட்டினார். பாட்டின் எல்லா அடிகளும் நீக்கப்பட்டு, அதே அடிகள் மீண்டும் சேர்க்கப்பட்டதாக வந்தது. எழுத்தளவில் ஒரு வேறுபாடும் இல்லை. வேறுபாடு வரியின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

தாம்பரத்துத் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்ற தலைமுறைக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். ஒரு வரி முடிந்ததும் உருளையை வலக்கோடிக்குத் தள்ள வேண்டும். தாளை ஒரு வரி மேலே நகர்த்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு செயல்கள். விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைக்கிறது. லினக்ஸ் வழி வந்தவை ஒரே குறியோடு நிறுத்திக்கொள்கின்றன. இரு உலகங்களுக்கும் இடையில் கிட் துவிபாஷி வேலை பார்க்கும்: களஞ்சியத்துக்குள் ஒரு குறி, விண்டோஸ் கோப்புறையில் இரு குறி. அந்த வேலை வேண்டுமா என்பதுதான் நிறுவும்போது கேட்ட கேள்விகளில் ஒன்று. பழைய கணினியில் விடை 'வேண்டும்'. தம்பி தேர்ந்தது 'உள்ளது உள்ளபடி'. ஆகவே புதிய கிட்டின் பார்வையில் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் ஒரு குறி கூடுதல். (ஏட்டில் பாட்டை அடி பிரிக்காமல் ஓட்டமாக எழுதினார்கள், அடி பிரித்தது பின்வந்தவர்களின் வேலை. அந்தக் காலத்தில் கிட் இருந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது.)

ஆக, தம்பி இரைச்சல் என்றது பெரும்பாலும் சரிதான். பெரும்பாலும். வரி முடிவைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடு என்று கட்டளையிட்டதும், 402 என்பது 38 ஆகச் சுருங்கியது. அந்த 38இல் வேறு ஏதோ மாறியிருந்தது.

முதல் கோப்பைத் திறந்தோம். ஒரே ஒரு வரி. நீக்கப்பட்டதாகச் சிவப்பில் 'செளரிப்பெருமாள் அரங்கன்'. சேர்க்கப்பட்டதாகப் பச்சையில் 'சௌரிப்பெருமாள் அரங்கன்'. அடுத்த கோப்பிலும் அவ்வாறே. அதற்கடுத்ததிலும். "பாருங்கய்யா, ஒரே பேருதான். இதுவும் இரைச்சல்" என்றார் தம்பி. எங்களுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது.

பிறகுதான் உறைத்தது. முதலில் உள்ளது செகரமும் ளகரமும் ஆன இரண்டு எழுத்து. அடுத்தது சகரத்தின் மீது ஔகாரம் ஏறிய ஓர் எழுத்து. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரக் குறிக்கெனத் தனி விசை இல்லை. ளகர விசையையே தட்டுவது வழக்கம். தாளில் யாருக்கும் தீங்கில்லை. அந்தக் கைப்பழக்கத்தோடு கணினிக்கு வந்தவர்கள் மெளனத்தையும் பெளர்ணமியையும் அப்படியே தட்டினார்கள். கண் ஏமாறும், கணினி ஏமாறாது. சௌரி என்று தேடினால் செளரி அகப்படமாட்டார். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று விட்டதால் கொ, கோ வேறுபாடு தெரியாமற்போனதும், காலும் ரகரமும் ஒன்றுபோல் நின்றதும், வீரமாமுனிவர் எகர ஒகரங்களைச் சீர் செய்ததும் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அதே சிக்கல் எங்கள் முன்னே சிவப்பிலும் பச்சையிலும் நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

ஆசிரியர் ஐந்தாறு ஆண்டுகளாக அந்தப் பெயரைத் தவறாகத் தட்டி வந்திருக்கிறார். கடைசி மாதங்களில் எப்படியோ அதைக் கண்டுபிடித்து, கோப்பு கோப்பாகத் திறந்து திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். கோப்புகளின் தேதி 2021 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கமிட் செய்யவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே முன்னுரையாக எழுதலாம் என்று இருந்திருப்பார்.

38இல் 31 கோப்புகளில் பெயர்த் திருத்தம் மட்டுமே. மற்ற ஏழில் குறிப்புகளும் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்றில், 1915 பதிப்பின் பாடம் ஏட்டுப் பிழை என்று தாம் முன்பு உறுதியாக எழுதியதை அடித்துவிட்டு, "என் முடிவு அவசரமானது. அரங்கனார் கண்டதே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். அந்த 'ஏட்டுப் பிழை' முடிவை எங்களில் ஒருவர் தம் ஆய்வேட்டில் ஆசிரியர் பெயரோடு மேற்கோள் காட்டியிருக்கிறார். அவர் அன்று அதிகம் பேசவில்லை.

என்டர் தட்டியிருந்தால் இவ்வளவும் போயிருக்கும். கமிட் செய்யப்படாத எழுத்தைக் கிட் பார்த்ததே இல்லை. பார்க்காததை அதனால் மீட்டுத் தர முடியாது. மூல வன்வட்டு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் எல்லாம் சுத்தம் என்று திரை சொன்ன பிறகு அதை எடுத்து மறுபடி யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? நாங்கள் பார்த்திருக்கமாட்டோம். ஜனவரியோடு வேலை முடிந்தது என்று ஏற்கெனவே தீர்ப்பெழுதியவர்கள் அல்லவா!

தம்பி மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. வன்வட்டைத் தொடாமல் படியெடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியிராது, அவருக்குத் தோன்றியது. பிறகு அவர் செய்த இன்னொன்றும் முக்கியம். வரி முடிவு பற்றிய விதியைக் கணினியின் அமைப்பில் வைக்காமல், 'கிட் ஆட்ரிபியூட்ஸ்' என்னும் சிறு கோப்பாகக் களஞ்சியத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார். இனிப் பிரதி எந்த வீட்டுக்குப் போனாலும் விதியும் கூடவே போகும். சட்டென்று பட்டியல் 38 என்று தானே நின்றது.

அந்த 38ஐயும் கமிட் செய்ய வேண்டியிருந்தது. யார் பெயரில் என்று ஒரு மணி நேரம் வாதம். கிட்டில் எழுதியவர், பதிவு செய்தவர் என்று இரண்டு இடங்கள் தனித்தனியே உண்டு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். எழுதியவர் இடத்தில் ஆசிரியரின் பெயர். பதிவு செய்தவர் இடத்தில் எங்கள் பெயர். தேதியிலும் அந்த இரண்டு நிலை உண்டாம். எழுதிய தேதியாக அவர் கடைசியாகக் கோப்பைத் தொட்ட ஏப்ரல் நாளை இட்டோம். காரணம் எழுதுமிடத்தில் அவரைப் போல முன்னுரை எழுத எங்களுக்குத் துணிவு வரவில்லை. நான்கு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம்.

அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, கிட் கதையெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "ஏப்ரல் வரைக்கும் எழுதினாரா? ராத்திரியிலே தூங்காம எதையோ தட்டிக்கிட்டே இருந்தாங்க. நான்கூட திட்டினேன்" என்றார்.

பெயர் இன்னும் திருந்தாத கோப்புகள் 79 இருந்தன. அவற்றைத் தம்பி ஒரே கட்டளையில் மாற்றிவிட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை. அதே சூட்டில், "ஐயா, எல்லா எகரக் கொம்பு-ளகரத்தையும் ஔகாரமா மாத்திடட்டுமா?" என்றார். அலறிவிட்டோம். வெள்ளியும் தெளிவும் என்ன ஆவது? ஆகவே மெளனம் முதலான மற்ற சொற்களை நாங்களே கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்து வருகிறோம். சனிக்கிழமை மாலைகளில், சேலையூரில் எங்களில் ஒருவர் வீட்டில். இதுவரை 140 பாட்டு வந்திருக்கிறோம். திறந்தால் குறிப்பையும் படிக்கத் தோன்றுகிறது. படித்தால் விவாதம் எழுகிறது. ஒரு மாலைக்கு ஐந்தாறுக்கு மேல் நகர்வதில்லை.